இந்தக் கரண்ட் எங்கே போகும்?

ஏறத்தாழ மூன்று நிமிடம் மட்டும் வேலை செய்யும் சர்க்யூட் ஒன்றை நான் செய்திருக்கிறேன்.

1992-ஆம் வருஷம். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட சின்னப் பட்டறை. டிப்ளமா முடித்து வேலைக்குச் சேர்ந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஒரு சென்சாரின் சிக்னலில் டி.சி.யைக் கழித்துவிட்டு, மேலே ஆடும் அலையை மட்டும் எடுக்க வேண்டும். 1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் ஒன்றை 741 என்ற ஆப்ஆம்ப் ஐ.சி.யின் பிளஸ் இன்புட்டில் போட்டேன். அவுட்புட்டிலிருந்து மைனஸ் இன்புட்டுக்கு ஒரு கம்பி. அவ்வளவுதான், ஃபாலோயர். ஆப்ஆம்ப்பில் இதைவிட எளிய சர்க்யூட் கிடையாது. சிஆர்ஓ என்னும் ஆசிலாஸ்கோப் திரையில் அலை வழுவழுவென்று ஓடியது. பெரியவரைக் கூப்பிட்டேன். முதலாளியை அங்கே எல்லோரும் அப்படித்தான் சொல்வோம். எட்டிப் பார்த்தார். "நல்லாருக்கு. டீ குடிச்சிட்டு வந்து பாப்போம்."

டீ குடித்துவிட்டு வந்தால் அலை இல்லை. மைனஸ் 13 வோல்ட்டில் ஒரு நேர்கோடு படுத்துக் கிடந்தது. சப்ளையை அணைத்துப் போட்டேன், மறுபடி அலை. பெருமூச்சு விட்டுத் திரும்புவதற்குள் மறுபடி படுத்துவிட்டது. ஐ.சி.யை இரண்டு முறை மாற்றினேன். மூன்றாவதைக் கையில் எடுத்தபோது பெரியவர் கேட்டார்: "பிளஸ் இன்புட்டுக்குள்ள போற கரண்ட் எங்கேர்ந்து வருது தம்பி?"

"இன்புட்டுக்குள்ள கரண்ட் போகாது சார். புத்தகத்துல அப்படித்தான் இருக்கு."

"புத்தகத்துல போகாது. இங்க போகும்."

டேட்டா ஷீட்டைப் பிரித்துக் காட்டினார். 741-இன் இன்புட் பயாஸ் கரண்ட் சாதாரணமாக 80 நானோஆம்பியர். ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும் எண்தான். ஆனால் என் சர்க்யூட்டில் அந்தக் கரண்ட் வருவதற்குக் கெபாசிட்டரைத் தவிர வேறு வழி இல்லை. 1 மைக்ரோஃபாரடிலிருந்து 80 நானோஆம்பியரை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் அதன் வோல்ட்டேஜ் நொடிக்கு 0.08 வோல்ட் இறங்கும். 13 வோல்ட் இறங்க 160 நொடி. ஒரு கிளாஸ் டீக்குச் சரியாக இருக்கும்.

பிளஸ் இன்புட்டிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு 100 கே ரெசிஸ்டர் போட்டதும் சரியாயிற்று. பெரியவர் அப்போதும் விடவில்லை. "இப்ப அந்த ரெசிஸ்டர்ல எவ்வளவு நிக்குது?" 80 நானோஆம்பியர், 100 கே. 8 மில்லிவோல்ட். "அது பரவாயில்லையா?" அந்த வேலைக்குப் பரவாயில்லை. அடுத்து வந்த வேலைக்கு அது பெருங்கேடாக இருந்திருக்கும்.

ஆப்ஆம்ப் படிப்பவர்களுக்கு முதல் நாளே இரண்டு விதிகளைச் சொல்லிக் கொடுப்பார்கள். ஃபீட்பேக் இருக்கும்போது, இரண்டு இன்புட்டும் சமமாகும்வரை அவுட்புட் தன்னால் ஆனதைச் செய்யும். இன்புட்டுகளுக்குள் கரண்ட் போகாது. ஹோரோவிட்ஸும் ஹில்லும் எழுதி 1980-இல் வந்த புத்தகத்தில் இவற்றுக்குப் பொன்விதிகள் என்று பெயர். பொன்தான், சந்தேகமில்லை. பாதி சர்க்யூட்டுகளை இந்த இரண்டை வைத்தே வாய்க்கணக்காகப் போட்டுவிடலாம். ஆனால் கல்லூரியில் இவற்றிலிருந்து பிறந்த சூத்திரங்களை மட்டும் மனப்பாடம் செய்து வந்திருந்தேன். மைனஸ் ஆர்2 பை ஆர்1. ஒன்று பிளஸ் ஆர்2 பை ஆர்1. அந்த ஒன்று எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டிருந்தால் விழித்திருப்பேன்.

பெரியவர் செங்கல்பட்டுப் பக்கம் விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். இன்வெர்ட்டிங் ஆம்ப்ளிஃபயரை ஏற்றம் என்பார். ஏற்றமரத்தின் அச்சு அசையாது. ஒரு பக்கம் கொஞ்சம் ஏறினால் மறுபக்கம், மரத்தின் நீளத்துக்கு ஏற்றபடி, அதிகமாக இறங்கும். மைனஸ் இன்புட்தான் அந்த அச்சு. பிளஸ் இன்புட்டைக் கிரவுண்டில் கட்டிவிட்டால் இதுவும் பூஜ்யத்திலேயே நிற்கும். ஆர்1 குட்டைக் கை, ஆர்2 நெட்டைக் கை. நான்-இன்வெர்ட்டிங் என்றால் கதவு. கீல் கிரவுண்டில். கீலுக்கு ஆர்1 தூரத்தில் கை வைத்து இன்புட் தள்ளுகிறது. கதவின் ஓரம் ஆர்1-ம் ஆர்2-ம் சேர்ந்த தூரத்தில் இருக்கிறது, அதே திசையில் அதிகமாக நகர்கிறது. கூட்டலை ஆர்1-ஆல் வகுத்துப் பாருங்கள், அந்த ஒன்று தானாக வந்து விழும். இந்தப் படம் மனதில் இருந்தால் சூத்திரம் மறந்தாலும் மோசமில்லை.

ஆனால் ஏற்றமும் கதவும் முடிந்த பிறகு அவர் எப்போதும் பழைய கேள்விக்கே திரும்புவார். ஆர்1 10 கே, ஆர்2 100 கே, இன்புட் 1 வோல்ட். 0.1 மில்லிஆம்பியர் ஆர்1 வழியாக வருகிறது. மைனஸ் இன்புட்டுக்குள் நுழைய முடியாது. வேறு வழியில்லாமல் ஆர்2-க்குள் போகிறது, அங்கே 10 வோல்ட்டை இழக்கிறது. அச்சு பூஜ்யத்தில் நிற்பதால் அவுட்புட் மைனஸ் 10. இதுவரை எல்லாப் புத்தகத்திலும் உண்டு. "சரி, அவுட்புட்டுக்கு வந்துட்ட கரண்ட் அப்புறம் எங்கே போகும்?" ஐ.சி.யின் அவுட்புட் காலுக்குள் நுழைந்து மைனஸ் சப்ளை வழியாகத் திரும்பும். பாடப் படங்களில் சப்ளைக் கால்களை வரைவதே இல்லை என்பதால், அந்தத் திரும்பும் பாதை மாணவர்கள் கண்ணில் படுவதில்லை. என் தொழிலில் நான் பார்த்த கோளாறுகளில் பெரும்பாலானவை அந்த வரையாத கோடுகளில்தான் இருந்தன.

இரண்டு இன்புட்டும் சமம் என்பதும் முழு உண்மை கிடையாது. 741-இன் சொந்த கெயின், அதாவது பெருக்கம், சுமார் 2 லட்சம். அவுட்புட்டில் 10 வோல்ட் வர, இன்புட்டுகளுக்கு நடுவே 50 மைக்ரோவோல்ட் வித்தியாசம் இருந்தே தீர வேண்டும். அந்த 2 லட்சத்தை வைத்துக்கொண்டு நாம் 10 மடங்குதான் கேட்கிறோம். மிச்சம் வீணா என்று எனக்குத் தோன்றியதுண்டு. 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி காலை, ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் ஹரோல்ட் பிளாக் என்ற தொலைபேசி இன்ஜினியர் கையிலிருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே இதற்கான கணக்கைக் கிறுக்கினார். நீண்ட தூரத் தொலைபேசிக் கம்பியில் ஆம்ப்ளிஃபயர்களை வரிசையாகப் போடும்போது ஒவ்வொன்றின் கோணலும் அடுத்ததில் சேர்ந்துகொண்டே போகும். அதுதான் அவர் தலைவலி. கெயினில் பெரும்பங்கை வேண்டுமென்றே விட்டுக்கொடுத்தால் கோணலும் அதே அளவில் ஒழியும் என்பது அவர் கண்டுபிடிப்பு. பெருக்கத்தைக் கூட்டுவதற்காகவே எல்லோரும் ராப்பகலாக உழைத்த காலம் அது. 1928-இல் விண்ணப்பித்த காப்புரிமை 1937-இல்தான் கைக்கு வந்தது.

அந்த மிச்ச கெயின் நமக்காக உழைப்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் ஃபீட்பேக் வளையத்துக்குள் ஒரு டயோடைப் போட்டுப் பாருங்கள். சாதாரணமாக 0.6 வோல்ட்டை விழுங்கும் டயோடு, வளையத்துக்குள் வந்ததும் இன்புட்டில் 3 மைக்ரோவோல்ட் பிழையாகச் சுருங்கிவிடும். 0.6-ஐ 2 லட்சத்தால் வகுத்துக்கொள்ளுங்கள். 4–20 மில்லிஆம்பியர் லூப்பை ஓட்டும் சர்க்யூட்டில் டிரான்சிஸ்டரை வளையத்துக்குள் வைப்பதும் இதே காரணத்துக்காகத்தான். முதன்முறை இதை சிஆர்ஓவில் பார்த்த அன்று வீட்டுக்குப் போக மனமில்லாமல் உட்கார்ந்திருந்தேன். ஆனால் இது மெதுவான சிக்னலுக்கு மட்டும். 741-இன் கெயின் 1 கிலோஹெர்ட்ஸில் ஆயிரமாகவும், 10 கிலோஹெர்ட்ஸில் நூறாகவும் கரைந்துவிடும். அங்கே போய் 100 மடங்கு கேட்டால், பிழை திருத்தக் கையில் காலணா மிஞ்சாது.

எங்கள் பட்டறையின் சோறு எலக்ட்ரானிக் தராசு. கற்றதில் முக்கால்வாசி அங்கேதான் கற்றேன்.

லோடு செல் என்பது நான்கு ஸ்ட்ரெய்ன் கேஜ்களைப் பாலமாகக் கட்டி ஒட்டிய ஓர் அலுமினியக் கட்டை. ஒரு வோல்ட் சப்ளைக்கு 2 மில்லிவோல்ட் தரும். 5 வோல்ட் கொடுத்தால், 30 கிலோ முழுப் பாரத்தில் வருவது 10 மில்லிவோல்ட். அதாவது ஒரு மைக்ரோவோல்ட்டுக்கு 3 கிராம். இந்த மாற்று விகிதம் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதியிருந்தது. யார் எந்தப் பிழையை எத்தனை வோல்ட்டில் சொன்னாலும் பெரியவர் அதைக் கிராமுக்கு மாற்றி, "மளிகைக்கடைக்காரர் ஒத்துக்குவாரா?" என்று கேட்பார்.

741-இன் ஆஃப்செட், அதாவது இன்புட்டுகளுக்கு நடுவே பிறவியிலேயே இருக்கும் வித்தியாசம், 1 மில்லிவோல்ட் இருக்கலாம். 3 கிலோ. மட்டமான துண்டு கிடைத்தால் 6 மில்லிவோல்ட், 18 கிலோ. பிரீசெட்டைத் திருகி அதைப் பூஜ்யமாக்கிவிடலாம் என்று நினைத்தேன். காலையில் ஆக்கினேன். மதியம் ஆஸ்பெஸ்டாஸ் கூரை காய்ந்து உள்ளே 15 டிகிரி ஏறியது. டிகிரிக்கு 10 மைக்ரோவோல்ட் நகர்ந்தால் 150 மைக்ரோவோல்ட். காலித் தட்டில் 450 கிராம். ஆஃப்செட்டைத் திருகிச் சரிசெய்யலாம், வெயிலைத் திருக முடியாது. ஓபி07 என்ற வேறு ஆப்ஆம்ப் வாங்கினோம். ஆஃப்செட்டே நூறு மைக்ரோவோல்ட் சுற்றுவட்டாரத்தில்தான், நகர்வு டிகிரிக்கு ஒன்றிரண்டு மைக்ரோவோல்ட்டுக்குள். ரிச்சி தெருவில் 741 வாங்குகிற காசுக்கு அது கிடைக்காது. பெரியவர் முணுமுணுத்துக்கொண்டேதான் பணம் கொடுத்தார்.

அப்புறம் ஒரு விசித்திரம். ஒரு தராசு இரண்டு எடைகளுக்கு நடுவே தத்தளித்தது. ஒன்றைக் காட்டும், உடனே மற்றதுக்குத் தாவும், திரும்பி வரும். அதே பொருளைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் அமைதியாக நிற்கும். இரைச்சல் என்று நினைத்து ஃபில்டரைக் கனமாக்கினேன். தத்தளிப்பு மெதுவானதே ஒழிய நிற்கவில்லை. மூன்று நாள் போயிற்று. நான்காம் நாள் ஒரு குறிப்பேட்டில் தாவும் எண்களை எழுதிவைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது: ஒரு பக்கம் 8-ம் 0-வும் நிறைந்த எண்கள், மறுபக்கம் 1-ம் 7-ம் நிறைந்தவை.

8 என்று காட்ட எல்.இ.டி. டிஸ்பிளேயில் ஏழு கோடுகளும் எரிய வேண்டும். 1-க்கு இரண்டு போதும். எண் மாறும்போது டிஸ்பிளே எடுக்கும் கரண்ட் மாறுகிறது. நான் போட்ட போர்டில் அந்தக் கரண்ட் திரும்பிப் போகும் வழியும், ஆம்ப்ளிஃபயர் தன் பூஜ்யமாக நம்பிக்கொண்டிருந்த கிரவுண்டும் ஒரே செம்புக்கோடு. 1 மில்லிமீட்டர் அகலம், 2 சென்டிமீட்டர் நீளம். அதன் ரெசிஸ்டன்ஸ் சுமார் 10 மில்லிஓம். 50 மில்லிஆம்பியர் மாறினால் அரை மில்லிவோல்ட். சுவரைப் பார்த்தேன். ஒன்றரைக் கிலோ. தராசு தான் காட்டும் எண்ணையே எடைபோட்டுக்கொண்டிருந்தது!

பிளேடால் அந்தக் கோட்டைச் சீவிவிட்டு, டிஸ்பிளேயின் கிரவுண்டைத் தனிக் கம்பியில் சப்ளையின் வாசல்வரை கொண்டுபோனேன். தத்தளிப்பு நின்றது. படத்தில் கிரவுண்ட் என்பது ஒரு குறி, எத்தனை இடத்தில் வரைந்தாலும் எல்லாம் ஒன்று. செம்பில் அப்படிக் கிடையாது. அன்றிலிருந்து படம் வரையும்போது ஒவ்வொரு கிரவுண்ட் குறியின் பக்கத்திலும் எத்தனை மில்லிஆம்பியர் திரும்புகிறது என்று பென்சிலால் எழுதிவிடுவேன். இளைஞர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

டிசைன் எப்படிச் செய்வீர்கள் என்று கேட்பவர்கள் சர்க்யூட்டின் படத்தை எதிர்பார்க்கிறார்கள். படம் கடைசியில்தான் வரும். சிக்னல் எத்தனை வோல்ட், எவ்வளவு வேகம், அதற்குப் பின்னால் எத்தனை ஓம், போர்டு எந்த வெயிலில் உட்காரப் போகிறது, இவை முதலில். வேகத்தை அசட்டை செய்தால் 741 நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு அரை வோல்ட்தான் ஏற முடியும் என்பது மறந்துபோகும். 10 வோல்ட் உயர அலை 8 கிலோஹெர்ட்ஸைத் தாண்டினால் முக்கோணமாகிவிடும். ரெசிஸ்டர் மதிப்பு? விகிதம்தானே முக்கியம், 10 ஓம்-100 ஓம் போட்டால் என்ன, 1 மெக்-10 மெக் போட்டால் என்ன என்று கேட்ட பையன்கள் உண்டு. பத்து ஓம் போட்டால் அந்தக் கரண்டைக் கொடுக்க ஐ.சி.க்குத் திராணி இல்லை. மெகாஓம் போட்டால் 80 நானோஆம்பியர் அதில் 80 மில்லிவோல்ட் ஆகிவிடும். 10 கே-யிலிருந்து 100 கே-க்குள் ஆரம்பித்து, காரணம் இருந்தால் வெளியே போவது என் வழக்கம்.

ரெசிஸ்டர் என்றதும், இரண்டு இன்புட்டின் வித்தியாசத்தை மட்டும் எடுக்கும் டிஃபரன்ஸ் ஆம்ப்ளிஃபயரைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. நான்கும் 1 சதவீத ரெசிஸ்டர், கெயின் 1 என்றால், மோசமான கலவையில் இரண்டு இன்புட்டுக்கும் பொதுவான வோல்ட்டேஜில் ஐம்பதில் ஒரு பங்கு சிக்னலோடு கலந்துவிடும். ஐ.சி. எவ்வளவு உசத்தியானாலும் சரி.

ஒருமுறை முப்பது மீட்டர் தள்ளி இருந்த ரெக்கார்டருக்கு வோல்ட்டேஜ் அனுப்ப வேண்டியிருந்தது. டிஎல்071-ஐ ஃபாலோயராகப் போட்டேன். பட்டறையில் ஒரு மீட்டர் வயரில் அற்புதம். தொழிற்சாலையில் மல்டிமீட்டர் 200 மில்லிவோல்ட் பொய் சொன்னது. பொய் சொன்னது மீட்டர் இல்லை என்பது சிஆர்ஓவைச் சுமந்துகொண்டு போன பிறகுதான் தெரிந்தது. அவுட்புட் மெகாஹெர்ட்ஸ் பக்கம் ஆடிக்கொண்டிருந்தது. ஷீல்டு வயரில் மீட்டருக்கு 100 பிக்கோஃபாரட் என்று வைத்தால் முப்பது மீட்டருக்கு 3 நானோஃபாரட். அதைச் சார்ஜ் செய்ய நேரம் பிடிக்கிறது, ஃபீட்பேக் தாமதமாக வருகிறது. ஆடும் ஊஞ்சலை நிறுத்தக் கை நீட்டுகிறீர்கள். கை சரியான சமயத்தில் போனால் ஊஞ்சல் நிற்கும். அரை ஆட்டம் பிந்திப் போனால் அதே கை தள்ளிவிடும். வயருக்கு முன்னால் 100 ஓம் ரெசிஸ்டர் ஒன்று போட்டு ஊருக்குத் திரும்பினேன்.

பாப் விட்லர் வடிவமைத்து 1965-இல் வந்த 709 இப்படி ஆடாமலிருக்க, வாங்குகிறவர்தான் வெளியே கெபாசிட்டர்களைக் கட்ட வேண்டும். 1968-இல் டேவ் ஃபுல்லகர் 30 பிக்கோஃபாரடைச் சில்லுக்குள்ளேயே வைத்து 741-ஐக் கொடுத்தார். வேண்டுமென்றே மந்தமாக்கப்பட்ட ஐ.சி. அது. யார் கையிலும் பிழைத்துக்கொள்ளும் என்பதால்தான் அது உலகம் முழுக்கப் பரவியது.

பரவியதுதான், இறங்க மாட்டேன் என்கிறது. எங்கள் பக்கத்துப் பாலிடெக்னிக்கிலும் கல்லூரியிலும் ஆய்வகத்தில் இன்னும் 741-தான். பிள்ளைகள் அதை எடுத்துவந்து ஆர்டுயினோவின் 5 வோல்ட்டில் மாட்டி, ஏன் வேலை செய்யவில்லை என்கிறார்கள். இரண்டு சப்ளை, 15-15 வோல்ட்டில் வாழப் பிறந்தது அது. எல்எம்358 கொடுங்கள், இன்புட் கிரவுண்டு வரை போகும், விலையும் மலிவு. அதன் அவுட்புட் 5 வோல்ட் சப்ளையில் மூன்றரைக்கு மேல் ஏறாது என்பதையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள். அதுவே ஒரு பாடம்.

போன வருஷம் பாலிடெக்னிக் முடித்து ஒரு பெண் எங்களிடம் சேர்ந்தாள். கிரவுண்ட் கதையை நான் சொல்லி முடித்ததும் கேட்டாள்: "எச்எக்ஸ்711 ஒண்ணு போட்டா போதுமே சார். 24 பிட், உள்ளேயே 128 மடங்கு கெயின். இந்த ஆப்ஆம்ப் எல்லாம் இனிமே எதுக்கு?" நியாயமான கேள்வி. பல தராசுகளில் இப்போது அதுதான் இருக்கிறது, நாங்களும் அதைத்தான் போடுகிறோம். நான் பதில் சொல்லவில்லை. 5 கிலோ படிக்கல்லைத் தட்டில் வைத்து, ராத்திரி முழுக்க ஓடவிட்டுக் காலையில் எண்ணைப் பார்க்கச் சொன்னேன்.

காலையில் 15 கிராம் குறைவு. சுவரில் சாக்பீஸ் எழுத்து இப்போது இல்லை, ஆனால் அவளே போட்டுப் பார்த்தாள்: 5 மைக்ரோவோல்ட். சில்லை மாற்றினாள், லோடு செல்லை மாற்றினாள். மத்தியானம் போர்டின் மேல் விரலை வைத்துத் தடவிக்கொண்டிருந்தவள், "சார், கனெக்டர்ல ஒரு முள் சூடா இருக்கு, பக்கத்து முள் அவ்வளவு இல்ல" என்றாள். டிரான்ஸ்ஃபார்மரை அதன் பக்கத்திலேயே வைத்திருந்தோம். இரண்டு உலோகம் சேரும் இடத்தில் சூடு வேறுபட்டால் தானாகச் சில மைக்ரோவோல்ட் பிறக்கும், அது 24 பிட்டுக்கும் தெரியும், 741-க்கும் தெரியும்.

டிரான்ஸ்ஃபார்மரைப் பெட்டியின் மறு மூலைக்கு மாற்றித் துளை போட்டாள். இப்போது மூன்று நாளாக ஓடுகிறது, 5 கிராமுக்குள் நிற்கிறது.